சொன்னா பச்சையா, பூட்டினா பச்சையா?

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் 'ரிட்டர்ன்' என்று பெயர். மறைவாக அல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் நின்று என்ன என்று கேட்பார். அவ்வளவு சாது.

விஷயம் இதுதான். காலை ஐந்தரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார். அவர் ஓட்டும் வேன் எங்கள் குறுகலான தெருவுக்குள் நுழையாது, முனையில்தான் நிற்கும். முனை வரை நடப்பார். வேன் கதவில் கையை வைத்ததும் ஒரு கணம் அப்படியே நிற்பார். பிறகு திரும்பி வந்து வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்ப்பார். ஏழு தள்ளு. எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடியும் முனைக்குப் போவார். இப்போது காஸ் ஞாபகம் வரும். பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். பூட்டைத் திறந்தாயிற்று அல்லவா, கதவைப் பற்றிய கவலை மறுபடியும் பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பிக்கும். அதற்கப்புறம் வாட்டர் ஹீட்டர். அதற்கப்புறம் இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு நாலு நாள் ஆகியிருக்கும், ஆனாலும் பார்த்தாக வேண்டும்.

எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எண்ணுவார். "என்ன ரிட்டர்ன், மூணாவது ட்ரிப்பா?"

"நாலாவது" என்பார் மாமா. பொய் சொல்லவும் வராது.

இதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று நான் நெடுநாள் துருவிப் பார்த்தேன். சின்ன வயதில் வீடு தீப்பிடித்ததா, திருடன் வந்தானா? ஒன்றும் இல்லை. சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்கு முட்டிவலி வருகிறது, இவருக்கு இருபத்தைந்து வயதில் சந்தேகம் வந்து ஒட்டிக்கொண்டது. மனிதர்கள்மேல் அல்ல, பூட்டுகள்மேல். மனிதர்கள் விஷயத்தில் அவரைப்போல ஏமாந்தவர் கிடையாது. என்னை மச்சானாக ஏற்றுக்கொண்டதே அதற்குச் சாட்சி.

வேலை மட்டும் வேறாக இருந்திருந்தால் இந்தப் பழக்கத்தைச் சிரித்துக் கழித்திருக்கலாம். அவர் ஓட்டியது டயாலிசிஸ் நோயாளிகளின் வேன். ஐந்து வீடுகளில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஆறரைக்குள் மருத்துவமனையில் இறக்க வேண்டும். ஆறரைக்கு இயந்திரத்தில் உட்கார்ந்தால் பத்தரைக்கு எழுந்திருக்கலாம். அதன்பின் அந்த நாற்காலி அடுத்த ஆளுக்கு. வேன் கால் மணி நேரம் தாமதமானால் அந்தக் கால் மணி நேரம் நோயாளியின் கணக்கிலிருந்து போகும், இயந்திரம் யாருக்காகவும் காத்திருக்காது.

வேனில் கடைசியாக ஏறுகிறவர் ஒரு டீச்சரம்மா, ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்திப் பேசவே மாட்டார். ஒருநாள் இறங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இன்னைக்குப் பதினாலு நிமிஷம் போச்சு. பதினாலு நிமிஷ அழுக்கு ரத்தத்துலயே இருக்கும். பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அன்று மாமா சாப்பிடவில்லை. தட்டில் கையை வைத்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அக்கா சொன்னாள். ஆனால் மறுநாள் காலையில் கால்கள் மறுபடியும் வீட்டுக்குத்தான் திரும்பின. அழுதுகொண்டே வந்து கதவைத் தள்ளினாராம். அந்த வாரமே மருத்துவமனைப் போக்குவரத்து மேலாளர் அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பேச்சு நறுக்கென்று இருந்தது. இன்னொரு தடவை பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் வேனின் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும்.

மாமாவுக்கு அந்த வேன்தான் உலகம். யாருக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஊசி போட்ட கை இடிக்காது, யாருக்கு எந்த வேகத்தடையில் குமட்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அக்கா அதை எடுத்துச் சொல்லவே வேண்டியதில்லை, இருந்தாலும் சொன்னாள்: "அந்த வேன் போச்சுன்னா இவரும் போயிடுவாருடா. நீதான் ஊருக்கெல்லாம் ஸ்மார்ட் வீடு செஞ்சு குடுக்கறியே, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?"

அவள் காலை நாலரைக்கே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். கடைசியில் கிளம்புகிறவர் மாமாதான். அவளால் கூட இருந்து பூட்டித்தர முடியாது.

என் தொழில் அதுதான். போனில் மூடும் கதவு, குரலுக்கு எரியும் விளக்கு, ஆள் இல்லாதபோது தானே அணையும் ஹீட்டர். அக்கா வீட்டில் இவை எல்லாவற்றையும் ஏற்கெனவே பொருத்தியிருந்தேன். புதுப் பொருள் எது வந்தாலும் முதலில் அவள் வீட்டில் மாட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஓசியில் கிடைத்த சோதனைச்சாலை. ஆனால் போனைப் பார்ப்பதில் மாமாவுக்குப் பிரயோஜனம் இல்லை. முனையில் நின்று போனைப் பார்ப்பார். 'பூட்டியுள்ளது' என்று காட்டும். இது இப்போதைய செய்தியா, முந்தின செய்தியா என்று சந்தேகம் வரும். மறுபடி அமுக்குவார். திரையில் வட்டம் சுற்றும்.

"அந்த வட்டம் சுத்தறப்ப என் வயிறும் சேந்து சுத்துது மச்சான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு வெளி விளக்கு யோசனை வந்தது. வீட்டின் முகப்பில், மாடி ஜன்னலுக்குக் கீழே, நாலு சின்ன விளக்குகள். கதவு, காஸ், ஹீட்டர், இஸ்திரி, இடமிருந்து வலமாக. எல்லாம் சரியாக இருந்தால் நாலும் பச்சை. ஏதாவது ஒன்று திறந்திருந்தால் அது மட்டும் சிவப்பு. முனையிலிருந்து தலையைத் தூக்கினால் தெரியும். போன் வேண்டாம், வட்டம் வேண்டாம், நடை வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த வேலை செய்தேன். மழைநீர் புகாத பெட்டி, வயர் கீழ்ப்பக்கமாக நுழைகிற மாதிரி துளை, துளையைச் சுற்றிப் பசை. விளக்குக்கு மேலே சின்னக் கூரை வைத்தேன், இல்லாவிட்டால் காலை வெயில் பட்டு நிறம் வெளுத்துத் தெரியும். எதிர்வீட்டுக்காரர் தூக்கம் கெடும் என்று முறையிட்டதால் வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்தேன். மாமா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஏணி சரியாக நிற்கிறதா என்று அவர் சோதித்துக்கொண்டே இருந்ததில்தான் நான் இரண்டு தடவை விழப் பார்த்தேன்.

முடித்ததும் அவருக்கு ஒரு சட்டம் போட்டேன். "மாமா, கதவைச் சாத்துங்க, பூட்டுல இருக்கற பட்டனை அமுக்குங்க, நடங்க. முனைல நின்னு ஒரே ஒரு தடவை பாருங்க. நாலும் பச்சைன்னா வண்டில ஏறுங்க. கதவை மட்டும் தள்ளக்கூடாது. தள்ள ஆரம்பிச்சா விட மாட்டீங்க."

"தொடவே கூடாதா?"

"தொடவே கூடாது."

மூன்று வாரம் அந்த வீட்டில் நடந்ததை அக்கா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். மாமா ஐந்தரைக்குக் கிளம்பினார், ஐந்து முப்பத்து மூன்றுக்கு வேன் நகர்ந்தது. முதல் இரண்டு நாள் முனையில் நின்று வியர்த்துக் கொட்டினார், மூன்றாம் நாள் அதுவும் இல்லை. டீச்சரம்மா முழு நாலு மணி நேரம் இயந்திரத்தில் இருந்தார். எதிர்வீட்டுக்காரர்தான் பாவம், பல் தேய்க்க வெளியே வந்து வேடிக்கை ஒன்றும் இல்லாமல் உள்ளே போய்விடுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வீட்டிலெல்லாம் இந்த விளக்கைப் பற்றிப் பேசி, பதினோரு வீடுகளில் மாட்டியும் விட்டேன்.

நாலாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என் போன் அடித்தது. நான் போர்வைக்குள் இருந்தேன்.

"மச்சான், முனைல நிக்கறேன். நாலும் பச்சைதான் எரியுது."

"அப்புறம் என்ன மாமா? ஏறிப் போங்க."

"சாத்தும்போது சத்தம் சரியா கேக்கல. அதான். ஒரு சந்தேகம். அந்த விளக்கு எதைப் பாத்துப் பச்சை ஆகுது?"

"பூட்டச் சொன்னா பச்சை ஆகும்."

மழைச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டார்: "சொன்னா பச்சையா, பூட்டினா பச்சையா?"

என் தொழிலில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று வாரமாகத் தெருவே மெச்சிய என் விளக்கின்மேல் இவர் கைவைக்கிறாரே என்ற ஆத்திரம். கத்தினேன்.

"உங்களுக்கு எத்தனை விளக்கு வெச்சாலும் பத்தாது மாமா! கோளாறு விளக்குல இல்ல, உங்க தலைல. உங்களுக்கு எலக்ட்ரீஷியன் வேணாம், டாக்டர்தான் வேணும்!"

"சரி மச்சான்" என்றார். போன் அடங்கியது. அவர் திரும்பிப் போகவில்லை, வேனை எடுத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கினேன்.

பகல் இரண்டு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். "உடனே வா. அவர்கிட்ட மூச்சு விடாதே."

போய்ப் பார்த்தேன். மாடி ஜன்னலுக்குக் கீழே நாலு விளக்கும் பச்சையாக, ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நேர் கீழே வீட்டுக் கதவு ஒரு முழத்துக்குத் திறந்து கிடந்தது. மழையில் மரக்கதவு ஊறிப் பருத்திருக்கிறது. மாமா இழுத்துச் சாத்தியபோது சட்டத்தில் முட்டி, அவர் கையை எடுத்ததும் விரற்கடை பின்னால் வந்துவிட்டது, மீதியைக் காற்று திறந்திருக்கிறது. பட்டனை அமுக்கியதும் பூட்டு தன் கடமையைச் செய்து இரும்பு நாக்கை வெளியே தள்ளியிருக்கிறது. அது சட்டத்தின் துளைக்குள் போகவில்லை, வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. நாக்கு நீண்டதா என்று மட்டும்தான் என் விளக்குக்குத் தெரியும், கதவு சாத்தியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல கதவில் ஒரு காந்த சென்சார் வேண்டும். ஒரு ஸ்குரூ போடுகிற வேலை. சோம்பேறித்தனத்தில் அதை விட்டிருந்தேன். அந்தக் கதவு எனக்கு நாக்கைக் காட்டிக்கொண்டு நின்றது, நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. எந்த வீட்டுப் பூனையோ வந்து, துவைத்து மடித்து வைத்திருந்த மாமாவின் சீருடைமேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து, தன் வீடு மாதிரி மெதுவாக வெளியே போனது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியவே கூடாது. இருபது வருஷமா அவர் போய்ப் பாத்தப்பல்லாம் கதவு பூட்டித்தான் இருந்துச்சு. போறதை விட்ட மூணே வாரத்துல தொறந்து கெடக்குன்னு தெரிஞ்சா, சாகற வரைக்கும் அந்தக் கதவை விட்டு நகர மாட்டார். வேலை போயிடும்டா. நீ சத்தமில்லாம சரி பண்ணிடு."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கதவின் முட்டிய விளிம்பைச் செதுக்கினேன், காந்த சென்சாரை மாட்டினேன். நாக்கும் நீண்டு, கதவும் சட்டத்தில் பதிந்தால்தான் இனி பச்சை. எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. என் தவறு யாருக்கும் தெரியாமல் போகிறதென்றால் கசக்கவா செய்யும்?

வெள்ளிக்கிழமை மாமா என் கடைக்கு வந்தார். அவர் கடைக்கு வருவதே அபூர்வம். ஸ்டூலில் உட்கார்ந்து, கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ சொன்னதை யோசிச்சேன் மச்சான். சரிதான். டாக்டரைப் பாக்கப் போறேன். அன்னைக்கு எனக்குச் சத்தியமா அந்தச் சத்தம் சரியா கேக்கல. அப்படித்தான் தோணுச்சு. ஆனா கதவு நல்லாத்தானே இருந்திருக்கு. அப்ப காதுக்குக் கேக்கறதையே நான் நம்பக்கூடாது, இல்லையா? வேன் ஓட்டறப்பவும் அப்படித்தானான்னு இப்ப பயமா இருக்கு. பேசாம சாவியைக் குடுத்துடலாமான்னு பாக்கறேன்."

வேலையைக் காப்பாற்றத்தான் அக்கா மறைக்கச் சொன்னாள். அந்த மறைப்பே அவர் வேலையைத் தின்னப் பார்க்கிறது. சரியாகக் கேட்ட காதை நான் பழுது என்று சொல்லி, அவரையும் நம்பவைத்துவிட்டேன். அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாமா, சாவியைக் குடுக்காதீங்க. உங்க காது சரி. அன்னைக்குக் கதவு தொறந்துதான் கெடந்துச்சு."

அவர் தொப்பியைத் திருப்புவதை நிறுத்தினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கு, காற்று, நான் மாட்டாமல் விட்ட சென்சார், அக்கா பிடித்த கை. கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. அக்கா பயந்தது நடக்கப்போகிறது, அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று என் மனம் அலைந்தது.

"எவ்வளவு தொறந்திருந்துச்சு?"

"ஒரு முழம்."

"எத்தனை மணி நேரம்?"

"காலைல இருந்து ரெண்டு மணி வரைக்கும். எட்டரை மணி நேரம்."

"என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல. ஒரு பூனை வந்து உங்க சீருடை மேல தூங்கிச்சு."

"பூனையா?"

"ஆமா. எங்களைப் பாத்துக் கொட்டாவி விட்டுட்டுப் போச்சு."

மாமா தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு ஒரு ஆள் வந்து பல்பு கேட்டு வாங்கிக்கொண்டும் போனார். பிறகு மாமாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து ஸ்டூல் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டியது, அதனால் அழவும் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இருபது வருஷம் மச்சான். எது நடந்துடுமோன்னு ராவும் பகலும் செத்தேனோ, அது நடந்தே போச்சு. எட்டரை மணி நேரம் நடந்திருக்கு. எனக்குத் தெரியவும் இல்ல. ஒரு பூனை வந்து தூங்கிட்டுப் போயிருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா."

"அந்தப் பூனையும் தூங்கத்தான் வந்துச்சா?"

"தூங்கத்தான்."

டாக்டரிடமும் போனார், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டு, வாராவாரம் வரச் சொன்னார். இது மூளை பழகிக்கொண்ட ஒரு வழி, பழக்கினால் மாறும் என்றார். பூனைக் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. சில காலைகளில் மாமா முனைவரை போய்த் திரும்பினார், ஆனால் ஒரே தடவை. அக்கா என்னிடம் பத்து நாள் பேசவில்லை. அவள் சொன்னதை மீறிவிட்டேன் அல்லவா. நான் பதினோரு வீடுகளுக்கும் ஏறி இறங்கி, தவறு என்னுடையது என்று சொல்லி, காந்தத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாதம் ஒன்று போயிருக்கும். மறுபடி மழை. காலை ஐந்து முப்பத்து மூன்றுக்கு மாமாவிடமிருந்து போன். மணியைப் பார்த்ததுமே போர்வையை உதறி எழுந்தேன்.

"மச்சான், முத விளக்கு சிவப்பா எரியுது. மழைக்குக் கதவு மறுபடி பருத்துடுச்சு போல."

"ஐயோ மாமா, போய் நல்லா இழுத்துச் சாத்திட்டு—"

"போனா லேட்டாயிடும். நான் போய்ச் சேர்ற வரைக்கும் அந்த நாலு பேரும் டீச்சரும் மழைல வாசல்ல நிப்பாங்க. நீ அஞ்சு நிமிஷத்துல வந்துடுவ, வந்து சாத்திடு. அதுவரைக்கும் தொறந்து கெடக்கட்டும்."

அவர் வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

சட்டையை உள்புறம் வெளியாக மாட்டிக்கொண்டு ஓடினேன். கதவு விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு, நனைந்துகொண்டே அக்காவின் சலவைக்கூடத்துக்குப் போன் போட்டேன். பின்னால் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன, அவள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"கதவு தொறந்திருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா போனாரு?"

"தெரிஞ்சுதான் போனாரு அக்கா."

மூன்றாவது தடவையும் அதையே கேட்டாள், நானும் மூன்றாவது தடவையும் அதையே சொன்னேன். அதன்பின் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் அழுவது கேட்டது, நான் போனை வைக்காமல் மழையிலேயே நின்றேன்.